வாசம் போன மூக்கோடு வைன் தேடி

வியாழக்கிழமை காலை எட்டரை மணி ரயிலில் கொழும்பு கோட்டையிலிருந்து கிளம்பினோம். நானும் என் வீட்டுக்காரர் சேவியரும். முன்பதிவு டிக்கெட் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய். ஜன்னலோரம் எனக்கு. அவர் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, வண்டி நகர்வதற்குள் வடைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

பயணத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தம்பி அந்தோனி, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறையை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பு. இரண்டாவது, நான் சமையல் பக்கம் எழுதும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர். "மலைப்பக்கம் இப்ப உள்ளூர் வைன் வகை வகையா வருதாமே. கடை கடையா ஏறி இறங்கிச் சுவைச்சுப் பாருங்க. நல்லா ரசிச்சு ஒரு பயணக் கட்டுரை எழுதிக் குடுங்க" என்று போனில் சொன்னார். சரி என்றேன். அவரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசம் தெரியாது.

போன வருடம் குளியலறையில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தேன். காயம் ஆறிவிட்டது. மூக்கு திரும்பி வரவில்லை. நாக்கு நான்கைந்து விஷயங்களைத்தான் சொல்லும், இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அவ்வளவுதான், மற்ற எல்லாம் மூக்கு சொல்வது என்று டாக்டர் விளக்கினார். பிறகுதான் புரிந்தது, ஐம்பத்தெட்டு வயது வரை நான் நாக்கால் சாப்பிட்டதாக நினைத்ததெல்லாம் மூக்கால் சாப்பிட்டது. கராம்பு, எலுமிச்சை, ரோஜா என்று எண்ணெய்க் குப்பிகளைக் காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார். மாதக்கணக்கில் மோந்தேன். குப்பிதான் மூக்கில் இடித்தது.

எங்கள் குடும்பத்தில் இது சின்ன விஷயமில்லை. வீட்டு விசேஷத்துக்கு வைன் வைப்பது எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வழக்கம். எங்கள் வீட்டில் அது பீட்ரூட் வைன். சாடியைத் துணியால் கட்டி வைத்துவிட்டால், அது தயாரா இல்லையா என்று ஒரே ஒரு ஆள்தான் சொல்ல வேண்டும். அந்த ஆள் மோந்து பார்த்து, கரண்டியில் எடுத்து வாயில் விட்டு, "எடுக்கலாம்" என்று சொல்லும்வரை மற்றவர் யாரும் சாடிக்கு மேலே குனியக்கூடாது. அம்மாவுக்குப் பிறகு அந்த ஆள் நான். தம்பி குடும்பத்திடம், விழுந்தேன், இப்போது பரவாயில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். பழகிய மலை, பழகிய குளிர், பழகிய வைன், இவையெல்லாம் சேர்ந்தால் போனது திரும்பும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. இந்தப் பயணத்துக்கு உண்மையான காரணம் அதுதான்.

ஹட்டன் தாண்டியதும் குளிர் ஏறியது. வட்டகொடையில் இறங்கப்போகும் ஆசிரியை ஒருவர் எதிரில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ரயில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிப் போனபோது கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"பேக்டரி வாசம் வந்துருச்சுங்க. இந்த வாசம் வந்தாத்தான் எனக்கு ஊர் வந்த மாதிரி. உங்களுக்கு எப்படிங்க?"

"எனக்கும் அப்படித்தான்" என்றேன். சேவியர் வடை சுற்றியிருந்த காகிதத்தை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

மூன்று மணிக்குப் பிறகு நானுஓயாவில் இறங்கினோம். நுவரெலியா எட்டுக் கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்காரர் இரண்டாயிரம் கேட்டு ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தார். தலவாக்கலைப் பக்கத்துத் தமிழர். ஊரில் வைன் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஐயாவுக்குங்களா?"

"இல்ல, எனக்கு."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வைன் ஸ்டோர்ஸ்னு போர்டுதாங்க போட்டிருப்பாங்க. உள்ள பூராவும் சாராயம். நெசமான வைன் வேணும்னா ஸ்ட்ரோபெரி தோட்டத்துக் கடைங்க இருக்கு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேங்க, மூணு கடை காட்டுறேன், எல்லாத்துக்கும் சேர்த்து மூவாயிரம் குடுங்க."

வெள்ளிக்கிழமை காலை மூடுபனி. வண்டிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். முதல் கடை ஊருக்கு வெளியே, பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவில். ஸ்ட்ரோபெரி ஜேம், ஸ்ட்ரோபெரி கேக், அவற்றுக்கு நடுவே நீளக் கழுத்துப் போத்தல்களில் ஸ்ட்ரோபெரி வைன். போத்தல் மூவாயிரத்து இருநூறு. வாங்கும் முன் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் ருசி பார்க்கத் தருகிறார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். மரியாதையாக ஊற்றிக் கொடுத்தார். கையில் வாங்கி, பழைய பழக்கத்தில் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோனேன். கண்ணாடி சில்லென்றிருந்தது. வாயில் விட்டேன்.

"எப்படிங்க இருக்கு, மேடம்?"

"இனிப்பா இருக்கு. அப்புறம் கொஞ்சம் புளிப்பு."

அந்தப் பெண் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். எனக்குச் சொல்ல அவ்வளவுதான் இருந்தது. சேவியரிடம் கிண்ணத்தை நீட்டினேன். மோந்து பார்க்க நம்மிடம் ஒரு மூக்கு மிச்சம் இருக்கிறதே என்று.

"நல்ல வாசம்" என்றார்.

"என்ன வாசம்?"

"ஸ்ட்ரோபெரி வாசம்."

"அது எனக்கே தெரியும், போத்தல்ல எழுதியிருக்கு. பழுத்த ஸ்ட்ரோபெரியா, காயா, வேக வச்சதா? ஜேம் மாதிரியா, பூ மாதிரியா?"

மறுபடி மோந்தார். பரீட்சை எழுத வந்தவர்போல நெற்றியைச் சுருக்கினார். "ரீட்டா, எனக்கு அதெல்லாம் சொல்ல வராது. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு." துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்த மனுஷர். அவருக்கு மூக்கு இருக்கிறது, சொல்ல வார்த்தை இல்லை. எனக்கு வார்த்தை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு ஆளாகப் படைத்திருக்கலாம் ஆண்டவர் என்று எரிச்சலாக வந்தது.

இரண்டாவது கடை சந்தைக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடை. பழ வைன்கள் என்று ஒரு அலமாரி. அன்னாசி, நெல்லி, பெஷன் ஃப்ரூட். சிங்களக் கடைக்காரர், நல்ல தமிழ் பேசினார். அன்னாசி இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. பெஷன் ஃப்ரூட் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. நெல்லியில் மட்டும் கடைசியில் ஒரு துவர்ப்பு நாக்கைப் பிடித்தது, அதையே பெரிய விருந்தாக நினைத்துக்கொண்டேன். குறிப்பெடுக்கக் கொண்டுபோன பேனாவைத் திறக்கவே இல்லை. நெல்லியைத் தவிர எல்லா வைனுக்கும் ஒரே வரியைத்தான் எழுத முடியும்.

மூன்றாவது, வண்டிக்காரர் சொன்னதுபோல 'வைன் ஸ்டோர்ஸ்' பலகை போட்ட சாராயக் கடை. இரும்புக் கம்பிக்குப் பின்னால் விற்பனை. பெண்களுக்கு விற்கக் கூடாதென்று ஏதோ சட்டம் இருக்கிறதாம். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, அந்த வரிசையில் ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை. வண்டிக்குள் நான் உட்கார்ந்திருக்க, குடிக்கவே தெரியாத என் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் பயபக்தியோடு வழிவிட்டதைப் பார்த்தால் பங்குத்தந்தை என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. இஞ்சி வைன் ஒன்று வாங்கி வந்தார்.

மாலை, தங்கியிருந்த வீட்டின் முன்னறையில் அதைத் திறந்தோம். கெஸ்ட் ஹவுஸ்காரம்மா சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாய் குடித்தேன். தொண்டை சுட்டது. அடுத்த கணம் அந்தச் சூடு மேலே ஏறி மூக்குக்குள் குத்தியது. கண்ணில் நீர் வந்தது.

"ஏங்க, வருதுங்க" என்றேன். "மூக்குல ஏறுது. வருதுங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் மேசை ஆடியது. சமையலறைக்குள் ஓடினார். காப்பித்தூள் டப்பா, உரித்த பூண்டு, ஏலக்காய், சவர்க்காரத் துண்டு, கையில் அள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே கெஸ்ட் ஹவுஸ்காரம்மாவும் என்னவோ ஏதோ என்று வந்து நின்றார்.

"கண்ண மூடிக்க. இது என்ன?"

மூச்சை இழுத்தேன். "தெரியல."

"இது?"

"தெரியல."

"நல்லா இழு ரீட்டா. இது?"

மூன்றாவதாக நீட்டியது குத்தியது. சந்தோஷத்தில், "இதோ, இது தெரியுது" என்று கண்ணைத் திறந்தேன். கெஸ்ட் ஹவுஸ்காரம்மா தன் பங்குக்குக் கொண்டுவந்து கொடுத்த தலைவலித் தைலம். அப்போதுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. எரிவது வேறு, மணப்பது வேறு. மிளகாய்த்தூளை மூக்கருகே காட்டினாலும் எரியும், அதை வாசம் என்று நினைத்து ஏமாறாதீர்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நானாக மறந்திருந்தேன், மறக்க ஆசையாக இருந்தது போல.

சேவியர் காப்பித்தூள் டப்பாவை மூடினார். பூண்டுத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே எதுவோ உட்கார்ந்துவிட்டது. இனி வராது என்று முதல்முறையாக நான் நம்பியது அந்த மேசையில்தான். அதற்குப் பிறகு அவர் அந்த இஞ்சி வைனைத் தானே ஒரு மிடறு குடித்து, "இனிப்பும் காரமும்தானா உனக்குத் தெரியுது? புளிப்பு எவ்வளவு?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. எலுமிச்சை பிழிந்த தேத்தண்ணி அளவுக்கு என்றேன்.

சனிக்கிழமை காலை பஸ். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வழியாக ஹட்டன், ஹட்டனில் பஸ் மாறி நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை. ஹட்டனிலிருந்து இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். வளைவுகளில் எதிரே லொறி வந்தால் ஏதோ ஒன்று பின்னால் போக வேண்டும். கண்டக்டர் பலகையைத் தட்டித் தட்டி எங்கள் பஸ்ஸைப் பின்னால் எடுக்கவைத்தார். இருபக்கமும் வெட்டிய தலைமுடி போலத் தேயிலை. போன வருடம்வரை இந்த வளைவுகளில் ஈரமண், வாகைப்பூ, டீசல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் படம் ஓடுவது போல ஓடியது.

பஸ் நிலையத்துக்கு அந்தோனி வந்திருந்தான். தம்பியின் தனி வீடு பழைய லயத்துக்கு மேலே, சரிவை வெட்டிச் சமன்படுத்திய ஏழு பேர்ச் அளவுத் துண்டு நிலத்தில். இரண்டு அறை, ஹால், சமையலறை. எங்கள் குடும்பத்தில் சொந்தச் சுவர் என்று ஒன்றைத் தட்டிப்பார்த்த முதல் ஆள் அவன். சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

"மச்சான், தண்ணித் தொட்டி வந்து பாருங்க" என்று சேவியரைச் சரிவுக்கு மேலே இழுத்துக்கொண்டு போனான். தம்பி மனைவி ஸ்டெல்லா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். மூலையில் சாடி.

"இது எப்ப இங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பத்து நாளாச்சுக்கா. சாவி குடுத்த அன்னிக்கே கொண்டாந்துட்டோம். புது வீட்டுக்குள்ள முதல்ல வைன் சாடிதான் போகணும்னு உங்க தம்பி ஒரே பிடிவாதம். மத்தவங்க பாலும் உப்பும் கொண்டுபோறாங்க, நம்ம வீட்டுல நம்ம சாடிதான் போகணும்னு சொல்லி, ரெண்டு பேரா தூக்கிட்டு ஏறி வந்தாங்க."

பொங்கிக்கொண்டிருக்கும் சாடியை அசைக்கக்கூடாது. அடியில் தங்கியது கலங்கும். அதையும் தூக்கிவந்து பெயின்ட் ஈரம் காயாத சுவரோரம் வைத்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் செய்த தப்பு. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். பழைய ரீட்டாவாக இருந்திருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பேன், உள்ளே வரவே தேவைப்பட்டிருக்காது.

ஸ்டெல்லா துணியை அவிழ்த்துவிட்டு வழக்கப்படி இரண்டு அடி தள்ளி நின்றாள். நான் குனிந்தேன். இழுத்தேன். குளிர்ந்த காற்று. இன்னொரு தடவை. குளிர்ந்த காற்று.

"வாசம் சரியாங்களாக்கா?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை ஸ்டெல்லா, மூக்கு போய்விட்டது என்று நாலு வார்த்தை. நுவரெலியாவில் என்னிடமே நான் ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் இந்தச் சாடிக்கு முன்னால் சொல்லிவிட்டால் பிறகு எனக்கு இங்கே வேலையே இல்லை. கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். இனிப்பு அளவாக இருந்தது. புளிப்பு அளவாக இருந்தது. நாக்கு ஒரு குறையும் சொல்லவில்லை.

"வாசம் சரியாங்களாக்கா?" மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை மெதுவாக.

"நல்லா இருக்கு. எடுக்கலாம்" என்றேன்.

ஸ்டெல்லா சாடியைத் திரும்பக் கட்டினாள். "காலையில நானே வடிச்சு வச்சுர்றேன்கா. நீங்க பஸ்ல வந்த அலுப்பு, படுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேக் எடுக்க ஹட்டனுக்குப் போவதாக அந்தோனி கிளம்பினான். சேவியரும் கூடப் போனார். கேக் எடுக்க இரண்டு பேர் எதற்கு என்று கேட்டேன். "சும்மா ஒரு நடை" என்றார். திரும்பி வரப் பகல் ஒரு மணியானது.

நாலு மணிக்கு ஃபாதர் வந்தார். இளவயது, மன்னார்ப் பக்கத்தவர், இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளித்தார். அந்தோனி கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். லயத்து ஆட்கள் இருபது பேருக்கு மேல் ஹாலிலும் வாசலிலும் நின்றார்கள். மந்திரிப்பு முடிந்ததும் கேக் வெட்டி, சின்ன கிளாஸ்களில் வைன் ஊற்றி ஸ்டெல்லா தட்டில் கொண்டுவந்தாள். நல்ல அடர் சிவப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. சாடியைத் தூக்கிவந்த பயம் இருந்தது, ஆனால் நாக்கு சரியாகத்தானே சொல்லியிருக்கிறது. ஒரு வாய் குடித்தேன். அளவான இனிப்பு, எலுமிச்சை பிழிந்த தேத்தண்ணி அளவுப் புளிப்பு.

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நுவரெலியாவுல மூணு கடை ஏறி இறங்கினேன். காசு குடுத்து வாங்கின எதுவும் நம்ம வீட்டுப் பீட்ரூட் சாடிக்குப் பக்கத்துல வராது. கடை வைன்னா வாயில வச்சதும் எனக்குத் தெரிஞ்சுரும்."

அந்தோனி கேக்கைப் பார்த்தான். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அறையில் இருந்த மேரியக்கா கிளாஸுக்குள் பார்த்தாள். ஃபாதர் மட்டும் ரசித்துக் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, வெள்ளை மனதோடு சிரித்தார்.

"அருமையா இருக்குதம்மா. ஆனா நீங்க பீட்ரூட் எண்டல்லோ சொன்னீங்க? இது திராட்சை. தினமும் பூசையில குடிக்கிறனான், இதில மட்டும் என்னை ஏமாத்தேலாது."

"கொஞ்சம் திராட்சையும் சேர்த்தோம் ஃபாதர்" என்றாள் ஸ்டெல்லா உடனே. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். காது மடல்வரை சிவந்துபோனாள்.

எங்கள் சாடியில் திராட்சை விழுந்ததே இல்லை. நான் சேவியரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹட்டனுக்கு இரண்டு பேர் எதற்கு என்று அப்போது புரிந்தது. வடிக்கும்போது நாற்றம் தாங்காமல் ஸ்டெல்லா கொட்டியிருக்கிறாள். கடைக்குப் போயிருக்கிறார்கள். தம்பிக்கு வைன் தேர்வு செய்யத் தெரியாது. என் நாக்கு எவ்வளவு இனிப்பைப் பிடிக்கும், எவ்வளவு புளிப்பைப் பிடிக்கும் என்று இரண்டு நாளாகக் கூடவே இருந்து பார்த்த ஒரே ஆள் சேவியர். சரியாக அந்த அளவுக்கு ஒன்றைப் பார்த்து வாங்கிவந்திருக்கிறார். துணி எடுப்பதுபோல அளவெடுத்து.

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது? நான் வெட்கப்படக்கூடாது என்று இத்தனை பேரும் கூடிச் செய்த வேலை. அந்தக் கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். கீழே வைத்தால் ஸ்டெல்லா அழுதுவிடுவாள் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், ஸ்டெல்லாவைப் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

"எங்க ஊத்தின?"

மறுக்கவில்லை. கழிவுநீர்க் கான் பக்கம் கையைக் காட்டினாள். சிமெந்துக் கானில் சிவப்புக் கறை இன்னும் கழுவப்படாமல் இருந்தது. கிட்டே போகும்போதே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஆழமாக இழுத்தேன். காலை நேரத்துக் காற்று. வேறொன்றுமில்லை.

"இனிமே நீ மோந்து பாரு ஸ்டெல்லா. இது உன் வீடு" என்றேன்.

"நான் மோந்து பாக்குறேன்கா. ஆனா கிறிஸ்மஸுக்கு வந்து எடுக்கலாம்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்லாம நான் எடுக்க மாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அவள் மோந்து பார்த்து ஜாடை காட்ட, நான் எல்லோர் முன்னாலும் குனிந்து நடித்து, எடுக்கலாம் என்று சொல்லவேண்டும். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்த இடம் கிடைத்தது. நோர்வூட் தாண்டியதும் கேட்டேன்.

"அந்தச் சாடி எப்படி நாறுச்சு?"

"லேசாத்தான்" என்றார்.

லேசாக நாறியதற்கு ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைப் பொத்த மாட்டாள். நிறையக் கொட்டிவிட்ட மனுஷியைப் பார்த்து லேசாகத்தான் சிந்தியது என்று சொல்வது போல, தலையைத் தடவிச் சொல்லும் குரல். அந்தக் குரலை எங்கேயோ தினமும் கேட்கிறேனே என்று தோன்றியது. வத்தளையில் இருக்கும் எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது. விழுந்த பிறகும் அந்த வீட்டில் நான்தான் சமைக்கிறேன். பால் திரிந்ததா, மீன் பழசா, சோறு அடிப்பிடித்ததா, வெங்காயம் கருகியதா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் தட்டை வைத்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா இருக்கு" என்பார். சில நாள் "ரொம்ப நல்லா இருக்கு" என்பார். அதைக் கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு வாரமும் இந்தப் பத்திரிகைக்குச் சமையல் குறிப்பும் எழுதினேன்.

"போன மாசம் வச்ச கும்பளா மீன் குழம்பு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அந்தக் குழம்பு சாப்பிட்ட இரவு இரண்டு தடவை எழுந்து போய் வாந்தி எடுத்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். நானும் நம்பினேன். பஸ் குலுங்கியது. அவர் கை என் கைமேல் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவர் எனக்காகச் சாப்பிட்டதை எல்லாம் நினைத்தபோது, வாசம் போனதைவிட இது பெரிய இழப்பாகத் தெரிந்தது. இந்த மனுஷர் என்னிடம் இனி எதையும் உள்ளபடி சொல்லப்போவதில்லை. தம்பியும் சொல்ல மாட்டான், ஸ்டெல்லாவும் சொல்ல மாட்டாள். அவ்வளவு பிரியம் என்மேல்.

ஆசிரியர் கேட்ட கட்டுரை இதுதான். நுவரெலியாவில் கிடைக்கும் வைன்கள் இனிப்பாக இருக்கும், கொஞ்சம் புளிப்பாகவும் இருக்கும், அதற்கு மேல் சொல்ல என்னால் ஆகாது. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் என் குறிப்பைப் பார்த்து நீங்கள் யாராவது சமைத்திருந்தால், அது எப்படி இருந்தது என்று பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே எழுதுங்கள். என்மேல் பிரியமில்லாத ஆட்கள் எனக்கு இனி நீங்கள் மட்டும்தான்.